துப்பாக்கியின் எண்ணைப் படித்தல்

கைத்துப்பாக்கியைப் பற்றித் தமிழ் படித்தவர்கள் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். புதுச்சேரிப் பக்கத்தவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்ற வாஞ்சிநாதன், அதற்கு முன் புதுச்சேரிக்கு வந்து வ.வே.சு. ஐயரிடம் சுடப் பயின்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் சிறிய ஆயுதம். சற்று நேரத்திற்கெல்லாம் அதே பிஸ்டலால் தம்முடைய உயிரையும் அவர் முடித்துக்கொண்டார். பாரதியின் புதுச்சேரி வாழ்க்கையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியைத் தொட்டுச் செல்வது எங்கள் வழக்கம். ஆனால் அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது, அதன் எண் எங்கே பொறிக்கப்பட்டிருக்கும், பழையது ஒன்று விலைக்கு வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை மாமா ஒரு பிஸ்டல் வாங்க முனைந்தபோதுதான் அறிந்துகொண்டோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது எங்கள் இருவரை. கணவன், மனைவி இருவருக்கும் தமிழ் இலக்கியமே படிப்பு, வில்லியனூரில் குடியிருக்கிறோம். மாமா இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் மோட்டார் திருட்டுப் போன ஆண்டில் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். உரிமம் வந்தது. ஆயுதம் வாங்குவதற்குக் கொடுத்த காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதங்கள் சென்ற பிறகு மாமா ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"வில்லியனூர் பக்கம் ஒரு சொல்தா வீட்ல பழைய பிஸ்டல் ஒண்ணு இருக்காம். நமக்கு ரைபிள் தெரியும், இது தெரியாது. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, வந்து காகிதத்தைப் பாருங்க."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பிரெஞ்சு இராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். இந்தோசீனா, அல்ஜீரியா என்று போய்வந்த சொல்தாக்கள் எங்கள் கொம்யூன் ஊர்களில் பலர் இருந்தார்கள். நாங்கள் போன வீட்டில் சொல்தாவும் இல்லை, அவருக்குப் பின் உரிமம் வைத்திருந்த மகனும் இல்லை. மகன் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய மனைவி எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு உள்ளே எழுந்து போகப் பார்த்தார். எதை எடுத்துவரப் போகிறார் என்பது புரிந்ததும் மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம்மா. அதைத் தொடாதீங்க. இருக்கிற இடத்துலயே பூட்டி வைங்க."

பழைய பிஸ்டல் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் எங்களுக்குப் புலப்பட்டது. அது இப்போது யார் வசம் இருக்கிறது, அவர் வசம் இருப்பது சட்டப்படி சரிதானா? உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. உரிமம் பெற்றவர் மறைந்த பிறகு அந்த ஆயுதம் பீரோவிலோ நெற்குதிரிலோ கிடப்பது குற்றம் ஆகிவிடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இப்படிப்பட்ட நிலையில் காலம் தாழ்த்தாமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பிறகு வாரிசு தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். அல்லது உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கலாம். அந்த அம்மாவுக்கு இது தெரியாது. தெரியாத ஒன்றைக் குற்றம்போலச் சொல்லிவிடக் கூடாதே என்று மாமா மெதுவாகப் பேசினார். மறுநாளே அவருடைய தம்பி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, முறைப்படி ஆயுதத்தை ஒரு வணிகரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். விலையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உயிரோடு இருக்கும் உரிமதாரரிடம் நேரடியாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது 5-ஆம் பிரிவு. தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று, வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ விற்பவர் எழுதித் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாட்கள் கழிந்த பிறகே ஆயுதம் கைமாறலாம். "முதலில் எடுத்துட்டுப் போங்க, காகிதம் பின்னாடி பார்த்துக்கலாம்" என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அதற்கு முன் மூன்று என்று இருந்தது.

இவ்வளவு தொல்லைக்குப் பழைய பிஸ்டல் எதற்கு, புதிதாக வாங்கக் கூடாதா என்றால், இந்தியாவில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பொதுமக்கள் பெயரில் வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இறக்குமதியாவது 1980களில் நின்றுபோயிற்று. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பெல்ஜிய பிரௌனிங், ஜெர்மானிய வால்தர், ஆங்கிலேய வெப்லி என்று அதற்கு முன் வந்து சேர்ந்தவைதாம் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் .32 அஷானி போன்ற உள்நாட்டுப் பிஸ்டல்கள் கிடைத்தாலும், பழைய வெளிநாட்டுப் பெயருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்துக்குத் தனி விலையும் இருக்கிறது.

வணிகரின் மேசைமேல் அந்தப் பிஸ்டலை முதன்முதலில் பார்த்தோம். 1910 மாதிரி பிரௌனிங். பெல்ஜியத்தின் எர்ஸ்டால் ஊரில் இருக்கும் எஃப்.என். தொழிற்சாலையில் செய்தது. பதினைந்து சென்டிமீட்டர் நீளம், அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை. அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அந்தக் குடும்பத்தில் மூன்று கதைகள் வழங்கின. சைகோனில் ஓர் அதிகாரி கொடுத்த பரிசு என்பது ஒன்று. அல்ஜீரியாவிலிருந்து பெட்டியின் அடியில் வந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது கதையில் ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விற்றுப் போகும்போது விட்டுச் சென்றார். பழைய உரிமப் புத்தகத்தைப் புரட்டியபோது நான்காவது கதை கிடைத்தது. சென்னை மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றில் ரசீது போட்டு வாங்கியது. சுவை குறைந்த அந்த நான்காவது கதைதான் வாங்குகிறவருக்கு வேண்டியது.

கடையில் வயதான ஒருவர் இருந்தார். படைக்கலன் பழுதுபார்ப்பதே அவருடைய ஆயுட்காலத் தொழில். அவர் செய்த முதல் காரியம் மேகசினைக் கழற்றியது. இரண்டாவது, மேற்புறத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அறை காலிதானா என்று கண்ணால் பார்த்தது. மூன்றாவது, சுண்டு விரல் நுனியால் அந்த அறையைத் தொட்டுப் பார்த்தது. இந்த வரிசை மாறக் கூடாது என்றார். மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்துவிட்டால் புதுத் தோட்டா ஒன்று உள்ளே ஏறிவிடும். "காலி" என்று அடுத்தவர் சொல்வதை நம்பாமல், கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பேச்சினிடையே கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாலும் பார்க்க வேண்டும். அவர் சொன்னதை அவரே அன்று ஏழெட்டு முறை செய்தார்.

அடுத்து எண். இங்கேதான் எங்கள் படிப்புக்கு வேலை வந்தது. இந்த மாதிரியில் உடற்பகுதி, ஸ்லைடு, குழல் என்னும் மூன்றிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். குழலின் எண் தோட்டா உறை வெளியேறும் திறப்பின் வழியே தெரியும். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே பிறப்பு. வேறுபட்டால் எங்கோ, எப்போதோ ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. சுவடி பார்க்கிறவர்களுக்கு இது பழகிய வேலை. ஒரு கட்டில் வேறு கட்டின் ஏடு கலந்திருக்கிறதா என்று எழுத்தையும் ஏட்டெண்ணையும் கொண்டு பார்ப்போம் அல்லவா? பாகூரிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி கூறும் செப்பேடுகள் வளையத்தில் கோத்து முத்திரையிட்டவை. இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ கூடாது என்பதற்காகத்தான் வளையமும் முத்திரையும். பிஸ்டலில் அந்தக் காவலை எண் செய்கிறது.

எண் அழிந்திருந்தாலோ அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தாலோ அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை. 8-ஆம் பிரிவின்படி, அடையாளக் குறி அழிக்கப்பட்ட ஆயுதம் யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில்தான் விழும்.

ஓர் எண் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு உலக வரலாற்றில் இரண்டு சான்றுகள் நினைவுக்கு வந்தன. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் இதே 1910 மாதிரிப் பிரௌனிங்தான், விட்டம் மட்டும் வேறு. அதன் எண் 19074. வேறு மாதிரி ஒன்றையே அந்தத் துப்பாக்கி என்று நெடுங்காலம் பல நூல்கள் எழுதிவந்தன. ஒரு துறவியர் சபையிடம் இருந்த உண்மைத் துப்பாக்கி 2004-இல் வியன்னா அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்று நம்மைச் சுட்டது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைப் பறித்தது 1934 மாதிரி பெரெட்டா, எண் 606824. பயன்படுத்தப்பட்ட பழைய பிஸ்டலாகக் குவாலியரில் கைமாறி, கொலைக்கு இரண்டே நாள் முன்பு கொலையாளியிடம் வந்து சேர்ந்தது அது. ஆயுதம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று கேட்கும் சட்டத்தை வெறும் அலுவலகத் தொல்லையாக நினைக்கிறவர்கள் அந்த இரண்டு நாட்களை எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் முன் இருந்த பிஸ்டலில் உடலும் ஸ்லைடும் ஒரே எண். உரிமத்தில் இருந்ததும் அதுவே. குழலின் எண் வேறு. பெரியவர் வெள்ளைத் தாள் ஒன்றைப் பின்புறம் பிடித்து, வெளிச்சம் பாய்ச்சிக் குழலுக்குள் பார்க்கச் சொன்னார். தோட்டாவைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் கூர்மையாகப் பளிச்சென்று இருந்தன. "பாருங்க, உடம்புக்குத் தொண்ணூறு வயசு, குழலுக்கு ஐம்பதுகூட இருக்காது" என்றார். குழல் மாற்றப்பட்டது தன்னளவில் குற்றம் இல்லை. ஆனால் யார் மாற்றினார், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்தானா என்பதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் அங்கே இல்லை.

குழலில் வேறென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டோம். கருவளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அதை வாங்கவே கூடாது. அம்மைத் தழும்புபோல் குழிகள் இருந்தால் துரு. பழைய காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பின் அது உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் அந்த உப்புக்குக் கேட்கவே வேண்டாம்.

வெளிப்பூச்சின் பளபளப்பைக் கண்டு மகிழ வேண்டாம் என்றார். பழைய இரும்பைத் தேய்த்து மீண்டும் நீலப்பூச்சு ஏற்றினால் விளிம்புகள் மழுங்கும், எழுத்துகளின் கரை கரையும். லீஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டாவைச் சுட்டுத் தாங்கியது என்பதற்கு அந்த முத்திரையே சான்று. தேய்ந்தாலும் தொடப்படாத பூச்சுக்கு, புதுப்பித்த பூச்சைவிட மதிப்பு அதிகம். பழைய பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேகசினின் மேல் உதடுகள் இரண்டும் நெளியாமல், வெடிக்காமல் இருக்க வேண்டும். பழைய பிஸ்டல் அடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். குழலைச் சுற்றியிருக்கும் சுருள்வில் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு உடற்பகுதியில் ஓங்கி மோதும். நாளடைவில் விரிசல் விழும். ஆகவே ஸ்லைடின் ஓரங்களை உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். தோட்டாவிலும் ஒரு குழப்பம் உண்டு. உரிமத்தில் .32 என்று மட்டும் இருக்கும். ரிவால்வருக்குரிய .32 தோட்டா வேறு, பிஸ்டலுக்குரிய .32 தோட்டா வேறு, பின்னதற்கு 7.65 என்றும் பெயர். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது. 9 மி.மீ. என்று பொறித்திருந்தால் அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. எவ்வளவு மலிவாக வந்தாலும் விலகிவிட வேண்டும்.

கடைசியாகக் காவல் விசைகள். இந்த மாதிரியில் மூன்று உண்டு. கட்டைவிரலால் திருப்புவது ஒன்று. பிடியின் பின்புறத்தில், கை இறுகப் பற்றினால்தான் உள்ளே அமுங்குவது ஒன்று. மேகசின் இல்லாவிட்டால் விசை இயங்காதபடி செய்வது மூன்றாவது. பெரியவர் மீண்டும் அறையைப் பார்த்துத் தொட்டுவிட்டு, காலி மேகசினைச் செருகினார். மெல்லிய உருண்டைப் பென்சில் ஒன்றை, ரப்பர் உள்ள முனை கீழே போகும்படி குழலுக்குள் விட்டார். பிஸ்டலை மேல்நோக்கிப் பிடித்து விசையை இழுத்ததும் பென்சில் துள்ளி எழுந்தது. ஸ்ட்ரைக்கர் சரியாக அடிக்கிறது. பிறகு கட்டைவிரல் காவலைப் போட்டு இழுத்தார், பென்சில் அசையவில்லை. மேகசினை எடுத்துவிட்டு இழுத்தார், அசையவில்லை. அதன்பின் மேகசினைச் செருகி, பிடியை இறுகப் பற்றாமல் இரண்டு விரலால் மட்டும் தாங்கிக்கொண்டு இழுத்தார். பென்சில் துள்ளியது. துள்ளியிருக்கக் கூடாது.

"பிடிக்காவல் செத்துப்போச்சு" என்றார். சரிசெய்யலாம், உரிமம் பெற்றவர் கையால்தான் செய்ய வேண்டும். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்து வடிவமைப்புகளில் கீழே விழுந்தால் ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிறுத்தும் தனி ஏற்பாடு கிடையாது, அறையில் தோட்டா ஏற்றி வைத்துக்கொண்டு எந்தக் காவலையும் நம்பாதீர்கள் என்றார். மாமா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். விலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்றார் கடைக்காரர். யோசித்துச் சொல்வதாக மாமா பதில் சொன்னார்.

இதுவரை எழுதியவை எல்லாம் இரும்பைப் பற்றியவை. உரிமக் கோப்பை நாங்கள் அன்றிரவு மாமா வீட்டில் வரிசைப்படுத்தியபோது இன்னொரு தாள் கைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி விண்ணப்பதாரர் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். மாமாவுடைய சான்று முறையாகவே இருந்தது. அதன் தேதியைப் பார்த்தோம். அத்தை உயிரோடு இருந்தபோது வாங்கியது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் மத்தியானத்துச் சோறு அப்படியே மூடியிருந்தது. முன்பெல்லாம் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிறவர், இப்போது விடியும்வரை வானொலி வைத்திருப்பதாகப் பக்கத்துத் தோப்புக்காரர் சொல்லியிருந்தார். பெங்களூரிலிருந்து அவர் மகள் எங்களிடம் கேட்டதும் பிஸ்டலைப் பற்றி அல்ல. "அப்பா ஏன் இப்ப வாங்கணும்னு சொல்றார்?" என்றுதான் கேட்டாள். இதை யார் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டோம்.

"மாமா, இந்தச் சான்று வாங்கினப்ப அத்தை இருந்தாங்க. இன்னிக்குப் போனா டாக்டர் இதையே எழுதிக் கொடுப்பாரா?"

மாமா கோபிக்கவில்லை. தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் படித்தார். "திருடனுக்காகத்தான் கேட்டேன் முதல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்ப ராத்திரியில வீடு ரொம்பப் பெருசா இருக்கு" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று இரவு வீடு திரும்பாமல் அங்கேயே தங்கினோம்.

அடுத்த வாரம் மகள் வந்து அவரை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். தூக்கத்துக்கும் மனத்துக்குமாகச் சிகிச்சை தொடங்கியது. தோப்பு வீட்டுக்கு இரும்புக் கதவும் விளக்கும் போட்டோம். கடைக்காரருக்கு மாமா தாமே தொலைபேசியில் பேசினார். "பிடிக்காவல் வேலை செய்யல, குழல் நம்பரும் ஒத்து வரல. வேணாங்க" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. சொன்ன இரண்டும் உண்மையான காரணங்கள்தாம். அவையே போதும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். அந்த அம்மாவுக்குப் பணம் தேவைப்பட்டது. வணிகரே அதை வாங்கிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

பழைய பிஸ்டல் வாங்க நினைக்கும் நண்பர்கள் காகிதத்தைப் பாருங்கள், எண்ணைப் பாருங்கள், குழலையும் வில்லையும் காவல்களையும் தெரிந்தவரைக்கொண்டு பாருங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களில் ஒருவரை அழைத்து, இது இந்த வீட்டுக்குள் இப்போது வரலாமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால், ஏன் என்று கேட்டுப் பொறுமையாக உட்காருங்கள்.